நீல வட்டம்

"முப்பத்தொன்பது."

மூன்றாவது முறை எண்ணியும் அதே முப்பத்தொன்பதுதான். கிடங்குக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது முறையும் எண்ணினார். கண்ணாடி துடைத்ததற்காகவெல்லாம் மூட்டைகள் பெருகுவதாக இல்லை.

கிடங்கின் வலப்பக்கச் சுவரில் 'முடிந்தது' என்றும், இடப்பக்கச் சுவரில் 'முடியாதது' என்றும் அவரே கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார். வாயு அறை வந்து எட்டு நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு இருபது மூட்டை வீதம் நூற்றறுபது. வீட்டுக்கு எடுத்துப்போன ஒன்றைக் கழித்தால், 'முடிந்தது' பக்கம் நூற்றைம்பத்தொன்பது மூட்டை இருந்தாக வேண்டும்.

"நூற்றிருபது மூட்டை எங்கேய்யா போச்சு?" என்று கத்தினார்.

கூரைத் தகரம் பதில் சொன்னது.

விஷயம் இதுதான். போன மழையில் கிடங்கு ஒழுகி, முந்நூறு மூட்டை மக்காச்சோளமும் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டது. பூஞ்சையைத் தட்டிவிடலாம். ஆனால் அது சோளத்துக்குள் கக்கிவைத்துவிட்டுப் போகிற நஞ்சு இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, ஈரலுக்கு மட்டும்தான் தெரியும். அதற்காகத்தான் ஓசோன் இயந்திரம் வந்தது. காற்றை உள்ளே இழுத்து, மின்சாரத்தால் ஓர் உலுக்கு உலுக்கி, வாயுவாக்கி அறைக்குள் அனுப்பும். வாயு பூஞ்சையைக் கொல்லும், நஞ்சை உடைக்கும், பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை போல வெறும் காற்றாகிவிடும்.

"வேலையை முடிச்சுட்டுத் தடயமே இல்லாமப் போயிடும் சார். வேற எதையும் தொடாது" என்று இயந்திரம் விற்றவர் சொல்லியிருந்தார். விற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

தடயமே இல்லை என்பதில்தான் சிக்கல். உள்ளே போய்வந்த சோளமும் போகாத சோளமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே மூட்டையின் வெள்ளைத் துணிச் சாக்கில் நீல மையால் ஒரு வட்டம் போடுவது என்று கிடங்குக்காரர் முடிவு செய்தார். மாலையில் அறையைத் திறக்கும்போது மிச்சமிருக்கும் வாயு தொண்டையை அறுக்கும். ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த அவசரத்தில் யார் வட்டம் போடுவது? அதனால் காலையிலேயே, மூட்டை உள்ளே போவதற்கு முன்பே, வட்டத்தைப் போட்டுவிட ஏற்பாடு. தன் வாழ்நாளில் தான் செய்த மூளையுள்ள காரியங்கள் மூன்றில் இது ஒன்று என்பது அவர் எண்ணம். மற்ற இரண்டையும் அவர் மனைவி ஒத்துக்கொள்வதில்லை.

சுமைக்காரர்களுக்கு அவர் போட்ட உத்தரவும் சுருக்கமானது. "சாயங்காலம் வட்டம் இருந்தா வலப்பக்கம். இல்லேன்னா இடப்பக்கம். யாரும் யோசிக்கக் கூடாது."

யோசிக்காமல் இருப்பதற்கு அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வட்டம் போடுவதற்கென்றே ஒருவர் இருந்தார். முன்பு எடை மேடையில் இருந்தவர். இந்த வேலைக்கு வந்த பிறகு எல்லோரும் அவரை வட்டக்காரர் என்றே கூப்பிட்டார்கள். மை டப்பாவும் தூரிகையுமாக அவர் வந்து நின்றார்.

"நூத்தி அறுபதுக்கும் வட்டம் போட்டீங்களா?"

"போட்டேன் சார்."

"அப்ப அந்த வட்டமெல்லாம் எங்க? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? போடறது என் வேலை. மத்தியானத்துக்கு மேல நான் வாசல் கேட்டுலதானே இருக்கேன்? ஆனா சார், முதல் ரெண்டு நாள் நீங்க லீவுல இருந்தப்போ..."

"நான் லீவுல இருந்தா நீங்களும் லீவா? கதை வேண்டாம். நாளைக்கு நான் பக்கத்திலேயே நிப்பேன். என் கண் முன்னால போடுங்க."

வட்டக்காரர் வாயை மூடிக்கொண்டார். குடும்பஸ்தர், எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவர்.

கிடங்குக்காரர் அந்த இரண்டு நாள் விடுப்பு எடுத்தது மாமனாருக்காக. கிழவருக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, "பாதி ஈரல்தான் வேலை செய்யுது. பார்த்து வெச்சுக்கிட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும். பூஞ்சை பிடிச்ச தானியம் மட்டும் வயித்துக்குள்ள போகவே கூடாது" என்றார்.

அன்றைக்கே கிடங்குக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். கடை மாவை நம்ப முடியாது. கடைக்காரன் எந்த மூலையில் என்ன வைத்திருந்தானோ. வாயுவால் சுத்தம் செய்த சோளம் இந்த வட்டாரத்திலேயே தன் கிடங்கில்தான் இருக்கிறது. மேலாளரிடம் சொல்லிவிட்டு, விடுப்பு முடிந்து வந்த காலையிலேயே வலப்பக்கத்திலிருந்து ஒரு மூட்டையை எடுத்து அரைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மாமனார் மேல் அவருக்கு உயிர். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இவர். கிழவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. தட்டில் சோறு குறைந்தால், "மாப்பிள்ளைக்கு இன்னும் போடும்மா" என்பார். சொந்தத் தகப்பன்கூட அவரிடம் அப்படி இருந்ததில்லை.

அன்று மாலை வீட்டில் கிழவர் ரொட்டியைத் தட்டில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்தச் சோளத்தை நோயாளிங்களுக்குன்னே தனியா விளைய வெச்சாங்களா? கசக்குது."

"சுத்தமான பொருள் அப்படித்தான் இருக்கும் மாமா."

"அப்போ நான் இத்தனை வருஷம் தின்னதெல்லாம் அழுக்கா? நல்லா இருந்துச்சே!"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ரெண்டு நாளா அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கலை. குமட்டுதுங்கறாங்க. கசப்பு தெரியாம இருக்கட்டும்னு நான் பாதிக்குப் பாதி கடை மாவு கலக்கறேன்."

கிடங்குக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கடை மாவா? அதனாலதான் குமட்டுது! டாக்டர் சொன்னது காதுல விழல? இனிமே ஒரு பிடி கடை மாவு கலக்கக் கூடாது. மூணு வேளையும் என் மாவு மட்டும்தான்."

"சரி, நாம?"

"நமக்கென்ன, நம்ம ஈரல் நல்லாத்தானே இருக்கு. நாம கடை மாவையே திம்போம். நல்லதெல்லாம் மாமாவுக்கு."

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் இன்னொரு ரொட்டி சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் கிடங்குக்காரர் வாயு அறை வாசலிலேயே நின்றார். வட்டக்காரர் இருபது வட்டம் போட்டார். இருபதும் உள்ளே போயின. மாலையில் அவரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். கதவு திறந்தது. இருபது மூட்டைகள் வெளியே வந்தன. ஒன்றில்கூட வட்டம் இல்லை.

சுமைக்காரர்கள் உத்தரவுப்படி யோசிக்காமல் இருபதையும் இடப்பக்கம் தள்ளிவிட்டு இருமிக்கொண்டே ஓடினார்கள்.

கிடங்குக்காரர் ஒரு மூட்டையைத் தடவிப் பார்த்தார். சாக்கு வெள்ளைவெளேரென்று இருந்தது. காலையில் பார்த்த அழுக்கு இல்லை, கைரேகை இல்லை, ஓரத்தில் இருந்த பழுப்பு இல்லை. புத்தம்புதுச் சாக்கு. அவருக்கு உச்சந்தலையில் சுரீரென்றது.

"திருட்டு!"

எல்லாம் விளங்கிவிட்டது. சுத்தமான சோளத்துக்கு வெளியில் நல்ல கிராக்கி. யாரோ உள்ளே புகுந்து, சுத்தம் செய்த மூட்டையைக் கடத்திவிட்டு, பூஞ்சைச் சோளத்தைப் புதுச் சாக்கில் கட்டி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எந்தெந்த மூட்டைக்கு வட்டம் போட்டது என்று தெரிந்தவன் ஒருவன்தான்.

"சார், பொண்டாட்டி புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லை" என்றார் வட்டக்காரர். "முதல் ரெண்டு நாள் என்ன ஆச்சுன்னா..."

"முதல் நாள்லேர்ந்தே ஆரம்பிச்சிட்டீங்களா? ஒத்துக்கிட்டதுக்கு நன்றி."

வட்டக்காரர் அன்றே வேலையை விட்டு நிறுத்தப்பட்டார். பதினாறு வருஷ வேலை. போகும்போது தூரிகையைக் கழுவி, டப்பாவை மூடி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்தபோது கிடங்குக்காரருக்கு, திருடன் இவ்வளவு ஒழுங்காகத் தூரிகையைக் கழுவுவானா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, கைதேர்ந்த திருடன் கழுவுவான் என்று சமாதானமானார்.

அடுத்த நாள் தன் கையாலேயே வட்டம் போட்டார். சாதாரண வட்டம் இல்லை, இரட்டை வட்டம், நடுவில் கையெழுத்து. கதவில் தன் வீட்டுப் பூட்டைப் போட்டு, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நாற்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பசித்தபோதும் எழுந்திருக்கவில்லை. மற்ற இயற்கை அழைப்புகளுக்கும் நெடுநேரம் செவிசாய்க்கவில்லை.

மாலையில் பூட்டைத் திறந்தார். இருபது வெள்ளைச் சாக்குகள். வட்டம், இரட்டை வட்டம், கையெழுத்து எதுவும் இல்லை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. வாயு வருகிற குழாய் வழியாக எலிகூட வர முடியாது. சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார். சுமைக்காரர்களில் ஒருவர் அவர் தலையையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேலாளர் தொலைபேசியில் அமைதியாகப் பேசினார். அவர் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். அமைதியாகப் பேசினால் ஆபத்து.

"பூட்டு உங்களோடது. சாவி உங்க கழுத்துல. நீங்களே எதிர்ல உட்கார்ந்திருந்தீங்க. அப்ப திருடினது யாருன்னு போலீஸ் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"சார், வாயுவை இரட்டிப்பாக்கறேன். நாலு மணி நேரத்துக்குப் பதிலா எட்டு மணி நேரம். அந்த வாயுவுல எவனும் உயிரோட உள்ளே நுழைய முடியாது."

"சோளத்தைச் சுத்தம் பண்ண வாங்கின மெஷினைக் காவலுக்கு வெச்சது உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான். செய்யுங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நான் வரேன்."

வாயு இரட்டிப்பானது. பக்கத்து அறையில் கணக்கு எழுதுகிறவருக்கும் இருமல் வந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெடித்து உதிர்ந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார், அதுவும் உதிர்ந்தது. சாக்குகள் மட்டும் முன்னைவிடப் பளபளப்பாக வந்தன. திருடன் விலை உயர்ந்த சாக்குக்கு மாறிவிட்டான் என்று அவர் குறித்துக்கொண்டார்.

ஒரு காரியம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. திருடன் கை வைக்காதது வலப்பக்கத்து முப்பத்தொன்பது மூட்டைகள்தான். நீல வட்டம் அப்படியே இருப்பவை அவைதான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் சுத்தமான சோளம் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அவ்வளவுதான். அவற்றைத் தன் அறைக்கு மாற்றிப் பூட்டிவைத்தார். வீட்டில் மாவு தீரத் தீர, அதிலிருந்து வட்டம் அழுத்தமாக இருந்த மூட்டையாகப் பொறுக்கியெடுத்துக் கொண்டுபோனார்.

வீட்டில் கிழவர் சுருங்கிக்கொண்டே வந்தார். கண் மஞ்சளானது. நகம் மஞ்சளானது. ரொட்டி இறங்கவில்லை என்று கஞ்சியாகக் காய்ச்சினார்கள். கஞ்சி இறங்கவில்லை என்று வடிகட்டி, தண்ணீராக, ஸ்பூனால் புகட்டினார்கள். மூன்று வேளை ஐந்து வேளையாயிற்று.

"போதும் மாப்பிள்ளை. உள்ளே போனா எரியுது."

"இது ஒண்ணுதான் மாமா உங்களைக் காப்பாத்தப் போகுது. என் முகத்துக்காக இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்பூன்."

"உங்க முகத்துக்காகத்தான் இத்தனை நாளா குடிக்கறேன். மாவுக்காகவா குடிச்சேன்?" என்று சிரிக்கப் பார்த்தார் கிழவர். பிறகு இரண்டு ஸ்பூன் குடித்தார். மாப்பிள்ளை முகம் வாடினால் அவருக்குத் தாங்காது.

மேலாளர் வருவதாகச் சொன்ன வாரத்தின் செவ்வாய்க்கிழமை, கிழவருக்கு நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"சாப்பாட்டுல ஏதாவது கெட்டது போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"வாய்ப்பே இல்ல டாக்டர். மூணு வாரமா சுத்தம் பண்ணின மாவைத் தவிர ஒரு பருக்கை உள்ளே போகலை. நானே பூட்டி வெச்சு நானே கொண்டுவரேன்."

டாக்டர் அவரை மரியாதையாகப் பார்த்தார். "இந்த மாதிரி மாப்பிள்ளை கிடைக்கறது கஷ்டம். அப்ப நோய்தான் முத்திடுச்சு. கண்ணு முழிச்சார்னா அதையே கொடுங்க."

மூன்று நாள் கிடங்குக்காரர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிடங்குச் சாவியைச் சுமைக்காரர்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். திருட்டுப் போனால் போகட்டும். நூற்றிருபது மூட்டை, வேலை, போலீஸ் எல்லாம் அந்தக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருந்தன. கிழவரின் மஞ்சள் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கண் விழித்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தார்.

கிழவர் கண் விழித்தால் கொடுக்க வீட்டில் மாவு இல்லை என்பது வெள்ளிக்கிழமை காலையில் நினைவுக்கு வந்தது. இன்னொரு மூட்டை எடுக்கக் கிடங்குக்கு வந்தார். மேலாளர் இன்னும் வரவில்லை. வாயு அறைப் பக்கமிருந்து, கிடங்கைக் கூட்டுகிற அம்மாள் ஏதோ ஒரு வெள்ளைத் துணியை மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு நழுவுவதைப் பார்த்தார்.

"நில்லும்மா!"

அந்த அம்மாள் நின்றாள். முகம் வெளுத்தது.

"என்ன துணி அது? புதுச் சாக்குத் துணியா? நீதானா இந்த மூட்டையெல்லாம் மாத்தறது?"

"ஐயோ, சார்! சாக்கு இல்ல சார். நம்ம ஆபீஸ் ஜன்னல் திரை சார்."

"ஆபீஸ் திரை பச்சை நிறம்மா. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சியா?"

"அந்தப் பச்சைதான் சார் இது" என்று அழ ஆரம்பித்தாள். "டீ கொட்டிக் கறையாயிடுச்சு. எவ்வளவு தேய்ச்சும் போகலை. மூட்டையோட மூட்டையா உள்ளே வெச்சா அழுக்கெல்லாம் போயிடுதேன்னு நேத்து ஆளுங்ககிட்டச் சொல்லி மேல போட்டு வெச்சேன். கறையும் போச்சு, பச்சையும் போச்சு. முன்னாடி என் துடைக்கிற துணியையும் இப்படித்தான் சார் வெளுத்தேன். தப்புத்தான். வேலையை விட்டு எடுத்துடாதீங்க."

கிடங்குக்காரர் திரையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத் தையலில் அலுவலக முத்திரை எம்ப்ராய்டரி செய்திருந்தது. அதே திரைதான். பால் மாதிரி இருந்தது.

இடப்பக்கத்து வெள்ளை மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், பிறகு வாயில், பிறகு வயிறு குலுங்க.

"வாயு! வாயுதான் சாக்கை வெளுத்திருக்கு! திருடனும் இல்லை, மண்ணும் இல்லை! ஒரு மூட்டைகூடப் போகலை!"

துடைக்கிற துணி வெளுத்த குற்றத்துக்காக அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பயந்து இரண்டடி பின்னால் போனாள். வட்டக்காரரை இன்றைக்கே கூப்பிட வேண்டும், காலில் விழுந்தாவது கூப்பிட வேண்டும். மேலாளர் வரட்டும். போலீஸ் வரட்டும். எல்லோருக்கும் டீ வாங்கித் தரலாம்.

அந்த நேரத்தில் கைபேசி அடித்தது. மனைவி. அழுதுகொண்டிருந்தாள், ஆனால் சந்தோஷ அழுகை.

"என்னங்க, அப்பா கண்ணு முழிச்சிட்டாங்க! உங்களைத்தான் கேட்டாங்க. மாவு டப்பாவுல ஒட்டியிருந்ததை வழிச்சு, கரைச்சுக் கொடுத்தேன். நாலு ஸ்பூன் குடிச்சாங்க. மாப்பிள்ளை மாவுன்னு சொன்னதும் வாயைத் திறந்தாங்க. சீக்கிரம் கொண்டாங்க."

"இதோ வரேன்! இப்பவே வரேன்!"

தன் அறைக்கு ஓடிப் பூட்டைத் திறந்தார். இருந்தவற்றில் வட்டம் மிக அழுத்தமாக இருந்த மூட்டையைத் தேடிப் பிடித்துத் தோளில் ஏற்றினார். மூட்டை கனமாகவே தெரியவில்லை. வாசலில் அந்த அம்மாள் துடைப்பத்தோடு ஒதுங்கி வழிவிட்டாள். தோளில் இருந்த நீல வட்டத்தைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கிடைத்த தைரியத்தில், போகிற போக்கில் சொன்னாள்:

"அதையெல்லாம் உள்ளே வெச்சப்போ, நீங்க லீவுல போன அந்த முதல் ரெண்டு நாளும் கரண்டே இல்ல சார், மெஷினே ஓடலை; அதான் அதுல மட்டும் மை அப்படியே நிக்குது."